இலையின் இடது பாதி

இலையில தண்ணி தெளிச்சுத் தொடைக்கும்போதே பாத்துட்டேன். எங்க வீட்டுக்காரரு பாதி இலையைத்தான் தொடைச்சாரு. வலது பாதி பளபளன்னு கிடக்கு, இடது பாதியில தண்ணி சொட்டுச் சொட்டா அப்படியே நிக்கு. மனுசன் கையை உதறிட்டு, ஆச்சு, கொண்டாங்கப்பா சோத்தைங்கிற மாதிரி நிமிந்து உக்காந்துட்டாரு. என்ன கம்பீரம்! பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, நெத்தியில சந்தனம், முடி வளந்து தையல் தழும்பையெல்லாம் மூடிட்டு. இவருக்கு உலகத்துல பாதி இல்லன்னு பாக்கிற எவன் சொல்லுவான்? நானும் ஏழு மாசமா சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம். கோமதி வந்து என் தோளைப் பிடிச்சு அமுக்கி உக்கார வச்சுட்டா. இவரு கூடப் பிறந்த தங்கச்சி, அவ மகளுக்குத்தான் இன்னைக்குக் கல்யாணம். “மதினி, நீங்க அண்ணனுக்கு இடது பக்கம் உக்காருங்க, பொண்டாட்டி உக்கார்ற பக்கம் அதான?”ன்னுட்டு ஓடிட்டா. கல்யாணத்துக்காரிகிட்ட நின்னு நியாயம் பேச முடியுமா, உக்காந்துட்டேன். முழங்கை முழங்கையில இடிக்கிற தூரம்தான். ஆனா இவருக்கு நான் இங்க இல்ல. இந்த மண்டபத்துலயே இல்ல. இப்பத்தான் வலது பக்கத்து ஆளுகிட்டக் கேட்டாரு, “எங்க வீட்டம்மாவை எங்கயும் பாத்தீங்களா, வேலுத்தாயின்னு பேரு, பந்தி போட்டாச்சு, ஆளைக் காணல.” அந்த ஆளு என்னை ஒரு பார்வை பாத்தாரு, இவரை ஒரு பார்வை பாத்தாரு, சரி, புருசன் பொண்டாட்டி சண்டை போலன்னு சிரிச்சுகிட்டே குனிஞ்சுகிட்டாரு. சிரிங்கய்யா. எனக்கும் சிரிப்பு வரத்தான் செய்யுது, பயத்தை உள்ள வச்சுகிட்டு.

ஏன்னா நாளைக்கு ஸ்கூல் திறக்கு. நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு இவரு வேன் எடுக்கப் போறாரு. வேன் கோமதி வீட்டுக்காரரு வெள்ளத்துரை அண்ணனோடது. ரெண்டு வேன் வச்சு ஸ்கூல் பிள்ளைகளை ஏத்தி இறக்குதாரு, அதுல ஒண்ணைப் பதினாலு வருசமா ஓட்டுனது இவருதான். ஒரு கீறல் கிடையாது. சங்கரபாண்டி ஓட்டுற வண்டின்னா தாய்மாருங்க கண்ணை மூடிகிட்டுப் பிள்ளையை அனுப்புவாங்க. இருபத்திரண்டு பிள்ளைக. ஒவ்வொண்ணு பேரும், அது எந்த வீடு, என்ன டிபன் கொண்டுட்டு வரும்ங்கிறதும் இவருக்கு அத்துப்படி, இன்னைக்கும் கேளுங்க, ஒரு பேரு விடாம சொல்லுவாரு. அதான் கொடுமை. பேச்சுல ஒரு குறை கிடையாது. கணக்குக் கேளு, சொல்லுவாரு. தேர்தல்ல யாரு ஜெயிப்பான்னு கேளு, ஒரு மணி நேரம் பேசுவாரு. ஆறு மாசம் ஓட்டக்கூடாது, அதுக்கப்புறம் டெஸ்ட் எடுத்துப் பாத்துத்தான் சொல்லுவோம்னு டாக்டர் சொன்னாரு. இவரு காதுல ஆறு மாசம் மட்டும் விழுந்துச்சு, டெஸ்ட் விழல. ஆறு மாசம் முடிஞ்சுட்டு, நான் ரெடிங்காரு. வெள்ளத்துரை அண்ணன்கிட்ட நான் தனியாப் போயி அழுதேன். “தங்கச்சி, மச்சான் நல்லாத்தான இருக்காரு, நீதான் வீட்டுக்குள்ள வச்சு வச்சு நோயாளி ஆக்குத”ன்னு எனக்கே புத்தி சொல்லி அனுப்புனாரு. அவரைச் சொல்லியும் குத்தமில்ல. கை போனா கண்ணுக்குத் தெரியும், கால் போனா தெரியும். இது இருக்கிற இடமே தெரியாத ஊனம். போனவருக்கே தெரியல, ஊருக்கு எப்படித் தெரியும்?

பரிமாறுறவரு உப்பு வச்சுட்டுப் போறாரு. இலையோட இடது ஓரம், நுனியில. அடுத்து ஊறுகா, அதுவும் அங்கதான். லட்டு, அது கீழ, இடது பக்கமே. வாழைப்பழம், இடது பக்கம். அப்பளம், இடது பக்கம். கடவுளே, இந்தத் தமிழன் நல்லதையெல்லாம் இடது பக்கமா வைக்கணும்னு எந்தக் காலத்துல முடிவு பண்ணினானோ தெரியல. சோறும் சாம்பாரும் பொரியலும் அவியலும்தான் இவரு பக்கம் வந்து விழுது. இவரு பாட்டுக்குக் குழைச்சு அடிக்காரு. வலது கை மட்டும் ஓடுது, இடது கை மடியில செத்த மாதிரிக் கிடக்கு. அதையும் யாரும் கேக்கப் போறதில்ல, ஏன்னா பந்தியில எல்லாருக்கும் இடது கை மடியிலதான். நம்ம ஊரு வழக்கமெல்லாம் சேந்து இந்த மனுசனோட குறையை மூடி மறைச்சுக் காப்பாத்துது. இந்தா, போயிட்டு! வலது பக்கத்து ஆளோட இலைக்குக் கையை நீட்டி அவரு அப்பளத்தை எடுத்து மொறுக்குன்னு கடிச்சுட்டாரு. இவருக்கு அப்பளம் அங்கதான் தெரியுது, அந்த ஆளோட இடது பக்கம்னா இவருக்கு வலது பக்கம்தான. அந்த ஆளு யாரு தெரியுமா, மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். பொண்ணுக்குத் தாய்மாமன் இவரு. ரெண்டு தாய்மாமனையும் ஜோடியா உக்கார வச்சு மரியாதை பண்ணுதாங்களாம். அப்பளம் போன தாய்மாமன் முழிக்காரு. நான் என் அப்பளத்தை எடுத்து நீட்டுனேன், “உரிமையோட எடுத்துட்டாரு, தப்பா நினைக்காதீங்க”ன்னேன். “வேலு? எங்க இருக்க?”ன்னு இவரு கேக்காரு. என் குரல் கேட்டுட்டு. ஆனா தலை எந்தப் பக்கம் திரும்புது? வலது பக்கம். நான் இடது காதுக்குள்ள பேசுதேன், இவரு வலது பக்கம் திரும்பி என்னைத் தேடுதாரு. ஏழு மாசமாப் பாக்கேன், இன்னும் பழகல.

முதல்ல எனக்கும் ஒண்ணும் தெரியாதுல்லா. ஐப்பசி மாசம், மழை பேஞ்சு விட்ட மத்தியானம், பைக்குல போனவரு ஸ்பீடு பிரேக்கர்ல தூக்கிப் போட்டு விழுந்தாரு. ஹெல்மெட் இருந்துச்சு, பெட்ரோல் டேங்க் மேல. தலையில வலது பக்கம் அடி. ஒரு சொட்டு ரத்தம் வெளிய வரல, எந்திரிச்சு உக்காந்து “ஒண்ணுமில்லப்பா, டீ வாங்கித் தாங்க”ன்னு சொல்லியிருக்காரு. டீ வர்றதுக்குள்ள வாந்தி, வாந்தி நிக்கிறதுக்குள்ள கண்ணு சொருகிட்டு. ரத்தம் உள்ளுக்குள்ள கட்டிக்கிட்டு மூளையை அமுக்குதுன்னு சொன்னாங்க. திருநெல்வேலிக்குக் கொண்டுபோயி அன்னைக்கே ஆபரேசன். வீக்கம் வடியணும், அதுவரைக்கும் மண்டையில ஒரு துண்டு எலும்பைத் தனியா எடுத்து வைக்கணும்னாங்க. எங்க சார் வைப்பீங்கன்னு கேட்டேன், ஐஸ் பெட்டியிலன்னு சொல்லுவாருன்னு நினைச்சேன். வயித்துலன்னாரு. இவரு வயித்துலயே, தோலுக்கு அடியில ஒரு பை மாதிரிக் கீறி, இவரு மண்டை ஓட்டை இவருக்குள்ளயே வச்சுத் தச்சுட்டாங்க. அப்பத்தான் எலும்பு கெடாதாம், வேண்டும்போது எடுத்து வச்சுக்கிடலாமாம். அதைத் திரும்ப எடுத்துத் தலையில வைக்கிற வரைக்கும் மூணு மாசம் என் புருசன் தன் மண்டையை வயித்துல சுமந்துகிட்டுக் கிடந்தாரு. துணி நனைச்சு உடம்பு தொடைக்கும்போது தொட்டுப் பாப்பேன், தொப்புளுக்கு வலது பக்கம், கெட்டியா, வளைஞ்சு, உள்ளங்கை அகலத்துக்கு. ரெண்டு பிள்ளையை வயித்துல வச்சிருந்தவ நான், எனக்கே அப்படி ஒரு ஆச்சரியம். எலும்பை எடுத்த பக்கம் தலையில தோலுக்குக் கீழ துடிக்கிறது தெரியும், மூளை துடிக்கு. மூச்சு விடுற மாதிரி ஏறி இறங்கும். பயந்து பயந்து கையை வச்சேன் ஒரு நாள். சூடா இருந்துச்சு. இதுக்குள்ளதான் நான் இருக்கேன், எங்க கல்யாணம் இருக்கு, பிள்ளைக பேரு இருக்கு, வேன்ல கிளட்ச் எப்ப மிதிக்கணும்ங்கிறது இருக்கு, எல்லாம் இந்த ஒரு கைப்பிடிக்குள்ளன்னு நினைச்சதும் அப்படியே தரையில உக்காந்துட்டேன்.

ஆபரேசன் முடிஞ்சு நாலாம் நாளே முழிச்சாரு, பேசினாரு, மாமியாக்காரி வேண்டுதலோ டாக்டர் கைராசியோ, பிழைச்சுட்டாரு. ஆனா என்னைப் பாக்க மாட்டேங்காரு. கட்டிலுக்கு இடது பக்கம்தான் நாற்காலி போட்டிருந்துச்சு, அங்கதான் நான் ராவும் பகலும் கிடந்தேன். வலது பக்கம் யார் வந்து நின்னாலும் சிரிக்காரு, வாங்கங்காரு, ஆயா வந்தாக் கூட என்னம்மா சாப்பிட்டியாங்காரு. நான் கூப்பிட்டாச் சுவரைப் பாக்காரு. தட்டுல பாதி இட்லியைத் தின்னுட்டு, “ரெண்டே இட்லியா வச்சா என்ன அர்த்தம்”ங்காரு, மிச்ச ரெண்டு அங்கேயே கிடக்கு. நான் என்னன்னு நினைப்பேன்? கொழுப்புன்னு நினைச்சேன். சாகக் கிடந்து எந்திரிச்ச மனுசனைப் போயி, “இருபது வருசம் உமக்கு வடிச்சுக் கொட்டுனதுக்கு நல்ல மரியாதைவே”ன்னு திட்டிட்டேன், ஆம்பளைக ஒருத்தரையொருத்தர் கூப்பிடுற மாதிரிப் புருசனை ‘வே’ன்னு சொன்ன முதல் பொம்பளை நானாத்தான் இருப்பேன். பாத்ரூம்ல போயி அழுதேன். அப்பத்தான் ஜெசிந்தா மேடம் வந்தாங்க, இந்த மாதிரி ஆளுகளுக்குப் பயிற்சி குடுக்கிறவங்க. பேப்பரைக் குடுத்து ஒரு கடிகாரம் வரையுங்கன்னாங்க. வட்டம் போட்டாரு, அழகாத்தான் போட்டாரு. ஒண்ணுல இருந்து பன்னெண்டு வரைக்கும் எழுதினாரு. எல்லா நம்பரும் வலது பாதிக்குள்ள, ஒண்ணு மேல ஒண்ணு நெருக்கிகிட்டு. இடது பாதி வெறும் வெள்ளை. சரியா இருக்கான்னு கேட்டாங்க. “கடிகாரம் வரையத் தெரியாமலா இருப்பேன்”னு சிரிச்சாரு. மேடம் என்னை வெளிய கூட்டிட்டுப் போயி நிறுத்திச் சொன்னாங்க, “அம்மா, அவருக்குக் கண்ணு நல்லா இருக்கு. மூளையில வலது பக்கம் அடிபட்டா, சில பேருக்கு இடது பக்க உலகம் கணக்குல இருந்தே விட்டுப் போயிரும். இருட்டாத் தெரியாது, மங்கலாத் தெரியாது. அப்படி ஒரு பக்கம் இருக்குங்கிற நினைப்பே வராது. உங்களை வெறுக்கல. நீங்க இருக்கிற திசையே அவருகிட்ட இல்ல.” இல்லாததை இல்லன்னு தெரிஞ்சுகிடணும்னாக்கூட அதுக்கும் மூளைதான வேணும். அதே மூளைதான போயிருக்கு. நானும் நீங்களும் பாக்கிற இந்த உலகத்துல எந்தப் பாதி நமக்கு இல்லாம இருக்கோ, யார் கண்டா?

“இனிப்பு இன்னும் வரலியே.” ஆரம்பிச்சுட்டாரு. மெதுவாத்தான் சொன்னாரு முதல்ல. பரிமாறுறவரு பெரிய தூக்கு வாளியோட திரும்பி வந்து இலையைப் பாத்து, “வச்சிருக்கேன்லா அண்ணாச்சி”ன்னாரு. “எங்கய்யா வச்ச?” “இந்தா இருக்கு.” “என்னய்யா விளையாடுதியா? அவரு இலைக்கு வச்சிருக்க, எனக்கு வைக்கல.” மாப்பிள்ளைத் தாய்மாமன் இலையில லட்டு இவரு கண்ணுக்கு நேரா மஞ்சளா உக்காந்திருக்கு, அது எப்படித் தெரியாமப் போகும்? பரிமாறுறவருக்கு ஐம்பது வயசு இருக்கும், ஆயிரம் பந்தி பாத்த ஆளு. இன்னும் ஒண்ணு வேணும்னு சொல்ல வெக்கப்படுதாரு போலன்னு நினைச்சு, சிரிச்சுகிட்டே இன்னொரு லட்டை எடுத்து முதல் லட்டுக்குப் பக்கத்துல வச்சுட்டு நகந்துட்டாரு. இடது பக்கம். இவரு பாத்துகிட்டே இருக்காரு, கை வந்ததும் தெரியல, லட்டு விழுந்ததும் தெரியல, ஆளு போனது மட்டும் தெரியுது. முகம் கறுக்குது. நான் மெல்ல, “இங்க இருக்கு, திரும்புங்க, இந்தப் பக்கம்”ன்னேன், கழுத்தைத் திருப்பி வலது பக்கம் முழுக்க ஒரு சுத்துத் தேடிட்டு, “எங்க?”ன்னாரு. கோவம் வந்துட்டா இவருக்கு இன்னும் மோசம், அந்தக் கொஞ்சநஞ்ச இடதும் ஓடிப்போயிரும். மேடம் சொல்லிக் குடுத்திருக்காங்க, ஒரு சிவப்புத் துணியை இடது ஓரத்துல வைங்க, சிவப்பைக் கண்டுபிடிச்சுட்டுச் சாப்பிடுங்கன்னு பழக்குங்கன்னு. வீட்டுல தட்டுக்குப் பக்கத்துல எப்பவும் துணி உண்டு. சில நாள் சிவப்பைப் பிடிச்சிருவாரு. பிடிச்சுட்டா அவ்வளவு சந்தோசம், தொலைஞ்ச கம்மல் கிடைச்ச மாதிரி. இன்னைக்குக் கல்யாண வீட்டுல துணியைத் தூக்கிட்டுத் திரியவா முடியும்னு விட்டுட்டு வந்தேன், புத்தி கெட்டவ.

இவருக்குள்ள எல்லாம் இருக்கு, அதான் எனக்கு இன்னும் தாங்க முடியாத அதிசயம். பங்குனியில ஒரு நாள், பொழுது போகாம உக்காந்திருந்தோம். நம்ம ரத வீதியில கோயில்ல இருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என்னென்ன கடை இருக்கு, சொல்லுங்க பாப்போம்னேன். கண்ணை மூடிகிட்டுச் சொன்னாரு. பாத்திரக் கடை, மருந்துக் கடை, நகை அடகுக் கடை, பேக்கரி, செருப்புக் கடை. எல்லாம் சரி, ஆனா எல்லாம் தெருவுல ஒரே பக்கத்து வரிசை, ஒரே வாடை. எதிர் வாடையில ஒரு கடை இல்ல. நானும் ஞாபகம் போச்சுன்னுதான் நினைச்சேன். அப்புறம் சும்மா இருக்க மாட்டாம, சரி, இப்ப பஸ் ஸ்டாண்டுல இருந்து கோயிலுக்குத் திரும்பி வாங்க, சொல்லுங்கன்னேன். ஆத்தாடி! ஜவுளிக்கடை, பூக்கடை, பரோட்டாக் கடை, சைக்கிள் கடை, பூட்டிக் கிடக்கிற அந்தப் பழைய லாட்ஜு, ஒண்ணு விடல. எதிர் வாடை முழுக்க வந்துட்டு. அப்ப முதல்ல சொன்ன மருந்துக் கடை எங்கன்னேன். “அது இந்தத் தெருவுல கிடையாதுட்டி”ன்னாரு! கால் மணி நேரம் முன்னால இவரே சொன்னது. மனசுக்குள்ள நடந்தாக்கூட இவருக்கு இடது பக்கம் கிடையாது. கண்ணை மூடினாலும் கிடையாது. ஆனா தொலையல, உள்ள பத்திரமா இருக்கு, திரும்பி நின்னா வந்துருது. அன்னைக்கு நான் தூங்கல. ஒரு தெரு முழுக்க ஒரு மனுசன் தலைக்குள்ள இருக்கு, ரெண்டு வாடையும் இருக்கு, ஆனா ரெண்டும் ஒண்ணா வராது. அப்படின்னா நானும் இவரு உள்ளுக்குள்ள எங்கயோ முழுசா இருக்கேன். திரும்பி நின்னாப் போதும். அந்த ஒரு நினைப்புலதான் இந்த மாசமெல்லாம் ஓட்டுனேன்.

“யாருய்யா இந்தப் பந்தியைக் கவனிக்கது?” சத்தம் ஏறிட்டு. நாலு இலை தள்ளி உள்ளவங்க வாய்ல கொண்டுபோன கையோட நிக்காங்க. பரிமாறுறவரு பாவம், ஓடி வந்து மூணாவது லட்டை வச்சாரு. எங்க? இடது பக்கம்தான். முப்பது வருசப் பழக்கம், அந்தக் கைக்கு வேற இடம் தெரியாது. மூணு லட்டு வரிசையா உக்காந்திருக்கு, இவரு கேக்காரு, “தாய்மாமன் இலைக்கு ஒரு இனிப்புக்கு வக்கில்லாத கல்யாணமாய்யா இது?” வெள்ளத்துரை அண்ணன் ஓடி வாராரு, பின்னால கோமதி, பட்டுச்சேலை தடுக்க ஓடி வாரா. அண்ணன் இலையைப் பாக்காரு, மூணு லட்டு. இவரு முகத்தைப் பாக்காரு, கொதிக்கு. அவரு முகமும் மாறிட்டு. சீர் வரிசை வைக்கும்போது முதல்ல கூப்பிடலன்னு இவருக்கு வருத்தம் இருக்கும், அதை மனசுல வச்சுகிட்டுத்தான் மாப்பிள்ளை வீட்டார் முன்னால வேணும்னே அசிங்கப்படுத்துதாருன்னு அவரு நினைக்கது எனக்கு எழுதி ஒட்டுன மாதிரித் தெரியுது. “மச்சான், கண்ணு முன்னால மூணு லட்டை வச்சுகிட்டு இப்படிப் பேசினா என்ன அர்த்தம்? சண்டை போடணும்னா வீட்டுல வச்சுப் போடுங்க.” “மூணா? நான் என்ன குருடனா மாப்ள?” இவரு வலது கையை இலையில ஊணி எந்திரிக்கப் போறாரு. தாய்மாமன் பாதிப் பந்தியில எந்திரிச்சா அவ்வளவுதான், எங்க ஆளுக அத்தனை பேரும் எந்திரிச்சிருவாங்க, முகூர்த்தத்தன்னைக்கு இப்படி ஆச்சேன்னு அந்தப் பிள்ளையை வாழ்க்கை முழுக்கச் சொல்லியே குத்துவாங்க. கோமதி அழுதுட்டா. “அண்ணே, என் வீட்டு இலையில இருந்து எந்திரிக்காதண்ணே.”

ஒரு லட்டை எடுத்து வலது பக்கம் வச்சாப் போதும். அவ்வளவுதான் வேலை. என் கை ரெண்டு சாண் தள்ளி இருக்கு. வச்சிட்டேன்னா, இந்தா இருக்குன்னு எடுத்துத் தின்பாரு, கோவம் இறங்கிரும், எல்லாரும் சிரிச்சிருவாங்க, பந்தி நடக்கும். சங்கரபாண்டிக்கு முன்கோவம்னு பேச்சு முடிஞ்சு போகும். நாளைக்கு ஏழு மணிக்கு வேன் எடுப்பாரு. இருபத்திரண்டு பிள்ளைக. கை நீளுது, நடுவுல நிக்குது. இன்னொரு வழி இருக்கு. வீட்டுல தட்டைச் சுத்தித் திருப்புவேன், பாதி முடிஞ்சதும் மிச்சப் பாதி இவரு பக்கம் வந்துரும், முழுசாச் சாப்பிட்டிருவாரு. தட்டைத் திருப்பலாம், இது இலை. கல்யாண வீட்டுல நுனியை வலது பக்கம் மாத்திப் போட்டா எங்க பக்கம் அது எந்த வீட்டு இலைன்னு எல்லாருக்கும் தெரியும். கருமாதி வீட்டு இலை. தாலி கட்டி ஒரு மணி நேரம் ஆகல. அந்தப் பிள்ளை மேடையில மாலையோட நிக்கு. நான் மட்டும் என்ன, பழக்கவழக்கம் தெரியாத ஊர்ல இருந்தா வந்தேன்? கடவுளே, தப்பா இருந்தா என் தலையில போடு, அந்தப் பிள்ளை தலையில போடாத. ஊரு என்னை என்ன சொன்னாலும் சொல்லட்டும். நாளைக்கு இவரு ரோட்டுல இறங்கினா அதுக்கு நான் சாமிகிட்டயும் பதில் சொல்ல முடியாது, எந்தத் தாய்கிட்டயும் பதில் சொல்ல முடியாது. ரெண்டு கையாலயும் இலையைப் பிடிச்சேன். திருப்பிட்டேன்.

சாம்பார் வழிஞ்சு இவரு வேட்டியில ஓடுது. “ஏட்டி!”ன்னு யாரோ கத்துனா. “மதினி, என்ன காரியம் பண்ணிட்டீங்க!” கோமதி நெஞ்சுல கை வச்சுட்டா. பின்னால யாரோ அபசகுனம், அபசகுனம்னாங்க. நான் யாரையும் பாக்கல. இவரு முகத்தை மட்டும் பாத்தேன். இவரு கண்ணு இலையில நிக்கு. மூணு லட்டு. உப்பு. ஊறுகா. பழம். அப்பளம் ஒண்ணு, தண்ணி பட்டு நமுத்துக் கிடக்கு. எதுவும் இல்லாத இடத்துல இருந்து ஒரு விருந்தே வந்து உக்காந்திருக்கு. வாய் திறந்திருக்கு, கோவம் எங்க போச்சுன்னு தெரியல, சின்னப் பிள்ளை மாதிரி விரலால முதல் லட்டைத் தொட்டாரு, ரெண்டாவதைத் தொட்டாரு, மூணாவதைத் தொட்டாரு. அப்புறம் அந்த விரல் அப்படியே நின்னுட்டு. “சோறு எங்க?”ன்னாரு. “இப்பத்தான தின்னுகிட்டு இருந்தேன். என் கையில ஒட்டியிருக்கு. சோறு எங்க போச்சு?” நான் இவரு இடது தோள்ல கை வச்சேன். “எங்கயும் போகல. இங்கதான் இருக்கு. என் கை இருக்கிற பக்கம் வாங்க. மெதுவா. இன்னும் கொஞ்சம். இன்னும்.” தலை திரும்புது. கல்லைத் தள்ளுற மாதிரி, வேர்த்து வழியுது மனுசனுக்கு. கண்ணு லட்டைத் தாண்டுது, குழைச்சு வச்ச சோத்தைக் கண்டுபிடிக்குது, அங்க நிக்காம இன்னும் வருது, என் கை, என் வளையல், என் முகம். இவரு என்னைப் பாத்தாரு. ஏழு மாசத்துல இவரா தேடி என்னைப் பாத்தது இப்பத்தான். எனக்கு அழுகை வெடிச்சுட்டு, நல்ல நாளு, அழக்கூடாது, அழுதுட்டேன்.

“நீ எப்ப வந்த?”ன்னாரு. “பந்தி போட்டதுல இருந்து இங்கதான் இருக்கேன்.” “இதே நாற்காலியிலயா?” “ஆமா.” “நான் உன்னைத் தேடினேன்ல?” “தேடினீங்க.” அவ்வளவுதான் பேசினோம். என்னையே பாத்துகிட்டிருந்தாரு, கண்ணை எடுத்தா மறுபடி போயிருவேனோன்னு பயந்த மாதிரி. அப்புறம் மெதுவா வலது பக்கம் திரும்பினாரு, நான் போயிட்டேன், எனக்குத் தெரிஞ்சுட்டு. மறுபடி கஷ்டப்பட்டு இடது பக்கம் வந்தாரு, இருக்கேன். மறுபடி வலது, மறுபடி இடது. மூணு தடவை பண்ணிப் பாத்தாரு. கல்யாண வீடு முழுக்க இதைப் பாத்துகிட்டு நிக்கு, அபசகுனம்னு சொன்ன வாயையும் காணல. மூணாவது தடவை இவரு கண்ணுல ஒண்ணு வந்துச்சு, அது பயமா, பிரமிப்பான்னு எனக்குச் சொல்லத் தெரியல, கோயில் கருவறையில திரை விலகும்போது ஆளுக முகத்துல வருமே, அது. வெள்ளத்துரை அண்ணன் குனிஞ்சு, “மச்சான், என்ன செய்யுது?”ன்னாரு. குரல்ல கோவம் இல்ல.

“மாப்ள, நம்ம வேன்ல பிள்ளைக ஏறுற படி எந்தப் பக்கம்?”

“இடது பக்கம் மச்சான்.”

வலது கையைக் கொண்டு வந்து, என் கை இருக்கிற அந்தத் தோளைத் தடவித் தடவிப் பிடிச்சாரு. “இந்தப் பக்கமா?”

“ஆமா மச்சான்.”

“அப்ப, கடைசிப் பிள்ளை ஏறிட்டுதா இல்லையான்னு நான் எப்படிவே பாப்பேன்?”